சிவப்புப் புள்ளி, 35 நிமிடம்: வேலை வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தால் ஓட்டுநருக்கு என்ன மிச்சம்?

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பழகாத ஓட்டுநர் டெல்டாவில் இருக்க முடியாது. சரக்கு ரயிலில் நெல் ஏற்றும் நாளென்றால், கேட் எப்போது திறக்கும் என்று கேட்பதே வீண். இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி டீ குடித்துவிட்டு வரலாம். அப்போதும் வரிசை அசைந்திருக்காது.

அந்த வரிசையில் ஒரு நிறுவன வேன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கும்பகோணத்துக் கிடங்கிலிருந்து மளிகைக் கடைகளுக்குச் சோப்பு, எண்ணெய், பிஸ்கட் கொண்டுபோகிற வேன். உள்ளே ஓட்டுநர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கும்பகோணத்தில் மேலாளரின் கணினியில் அதே வேன் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிகிறது. புள்ளியின் மேல் சுட்டியை வைத்தால் வரும் குறிப்பு: "நிறுத்தம், 35 நிமிடம்." மாலையில் வண்டி திரும்பியதும் கேள்வி வருகிறது.

"மத்தியானம் அரை மணி நேரத்துக்கு மேல் எங்கே படுத்திருந்தீர்கள் தம்பி?"

கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். அவர் முன்னால் திரை இருக்கிறது, திரையில் எண் இருக்கிறது, எண்ணைப் பார்த்தவர் கேட்கிறார். ஓட்டுநர் முன்னால் அந்தத் திரை இல்லை. வேலை வண்டிகளில் ஜி.பி.எஸ். பொருத்துவது பற்றி நான் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் அந்த இல்லாத திரையைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன் பெட்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர்களுக்கு நடுவே கையடக்கமாக ஒரு பெட்டி இருக்கும். வானத்திலிருந்து செயற்கைக்கோள் நம் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். செயற்கைக்கோளுக்கு உங்கள் வண்டி இருப்பதே தெரியாது. முன்பு நகராட்சிகளில் நேரத்துக்கு நேரம் சங்கு ஊதுவார்கள் அல்லவா? ஊதுகிறவருக்கு யார் கேட்கிறார்கள் என்பது தெரியாது. கேட்கிறவர்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களும் அப்படித்தான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, "இப்போது நேரம் இது, நான் இருக்கும் இடம் இது" என்று விடாமல் சங்கு ஊதுகின்றன. இந்தச் சங்கு உண்மையில் ஒலி அல்ல, ரேடியோ அலை. அது ஒளியின் வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. எந்தச் சங்கு எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்பதை வைத்துப் பெட்டி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் கணக்கு 300 மீட்டர் பிசகும். பெட்டிக்குள் இருப்பதோ மலிவான கடிகாரம். அதன் பிழையைத் திருத்தவும் சேர்த்துக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன.

இது அமெரிக்க ராணுவத்துக்காக உருவான ஏற்பாடு. 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது. கணக்கு 100 மீட்டர் வரை தவறும். அந்தப் பிழையை நிறுத்திய பிறகுதான் "எந்தத் தெரு" என்று சொன்ன கருவி "எந்த வீட்டு வாசல்" என்று சொல்லத் தொடங்கியது. அந்தரங்கம் பற்றிய பேச்சு முழுவதும் அந்தச் சில மீட்டர்களுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

இதுவரை யாருக்கும் பாதகமில்லை. பெட்டிக்குத் தன் இடம் தெரியும், வேறு யாருக்கும் சொல்லவில்லை. அதற்கு வாய் கொடுப்பது உள்ளே இருக்கும் சிம் கார்டு. சில விநாடிகளுக்கு ஒருமுறை இடம், வேகம், திசை, சாவி போட்டிருக்கிறதா இல்லையா என்பதைச் செல்போன் கோபுரம் வழியாக ஒரு சர்வருக்கு அனுப்பிவிடும். கோபுரம் எட்டாத இடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு அனுப்பும். 10 விநாடிக்கு ஒரு பதிவு என்றால், 10 மணி நேர வேலைநாளில் 3,600 பதிவுகள். இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை: அந்த சர்வர் பெரும்பாலும் முதலாளியுடையது அல்ல, கருவியை விற்ற நிறுவனத்துடையது. ஆக ஓட்டுநரின் நாள் முதலாளியைத் தவிர இன்னொருவர் கையிலும் இருக்கிறது.

மென்பொருளில் வேலி போடும் வசதியும் உண்டு. வரைபடத்தில் ஒரு வட்டம் வரைந்துவிட்டால், வண்டி அதைத் தாண்டும்போது முதலாளியின் போனுக்குச் செய்தி வரும். தஞ்சைப் பக்கத்தில் வேலி என்றால் நில அளவு. 20 மா கொண்டது ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குச் சற்று அதிகம். இந்தப் புதிய வேலியை எவ்வளவு பெரிதாகவும் போடலாம், பத்திரப்பதிவும் வேண்டாம்.

முதலாளியின் பக்கத்தையும் சொல்லாமல் போனால் பாவம். சம்பா அறுவடைக் காலத்தில் வெளி மாவட்டங்களிலிருந்து அறுவடை இயந்திரங்கள் டெல்டாவுக்கு வந்து இறங்குகின்றன. வாடகை மணிக்கணக்கில். உரிமையாளர் எங்கோ இருப்பார். இயந்திரம் ஏதோ ஒரு கிராமத்து வயலில் இருக்கும். எட்டு மணி நேரம் ஓடியதா, பத்து மணி நேரம் ஓடியதா என்பது ஓட்டுநரின் வாய்ச்சொல்லும் விவசாயியின் கைக்கடிகாரமும் மோதும் இடம். அங்கே இஞ்சின் ஓடிய நேரத்தைப் பதிவு செய்யும் பெட்டி மூன்று பேருக்கும் நடுவராகிவிடுகிறது. டீசல் திருட்டு, வண்டியே காணாமல் போவது, நெல் மூட்டையோடு லாரி பாதை மாறுவது என்று நியாயமான கவலைகள் நிறைய இருக்கின்றன. பயணிகளை ஏற்றும் பொதுப் போக்குவரத்து வாகனங்களில் அரசே இருப்பிடக் கருவியையும் அவசரப் பொத்தானையும் கட்டாயமாக்கியிருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் வாகனங்களுக்கு அந்த விதி வந்தது. அந்தக் கருவிகள் ஜி.பி.எஸ். போலவே இடம் காட்டும் இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்களையும் கேட்கக்கூடியவையாக இருக்க வேண்டும். நாகப்பட்டினத்துப் படகுக்காரரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். நடுக்கடலில் இஞ்சின் நின்றுபோனால், தான் எங்கே இருக்கிறேன் என்பது கரைக்குத் தெரிவதுதான் உயிர்.

கண்காணிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. வண்டி முதலாளியின் சொத்து. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஆனால் வண்டியின் தடமும் ஓட்டுநரின் தடமும் ஒரே கோடாக விழுகின்றன. வண்டியைப் பார்க்க வாங்கிய கருவி ஆளையும் சேர்த்தே பார்க்கிறது. இரண்டையும் பிரிக்க அதற்குத் தெரியாது.

கும்பகோணத்து வேனுக்கே வருவோம். விடியற்காலை ஐந்து மணிக்குச் சரக்கு ஏற்ற வேண்டும் என்பதால் இரவில் வண்டியை ஓட்டுநர் தன் வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொள்கிறார். நிறுவனம் கொடுத்த அனுமதிதான். ஞாயிற்றுக்கிழமை அவசரம் என்றால் அதிலேயே போய்வரவும் செய்கிறார். அதற்கும் யாரும் மறுப்புச் சொன்னதில்லை. வண்டியின் பேட்டரி இருக்கும்வரை பெட்டி தூங்காது. மூன்று மாதப் பதிவை ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் என்ன தெரியும்? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு புற்றுநோய் மருத்துவமனை வாசலில் நான்கு மணி நேரம் நிற்கிறது. யாருக்கோ சிகிச்சை நடக்கிறது. வீட்டில் இன்னும் சொந்தக்காரர்களுக்கே சொல்லியிருக்க மாட்டார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை தொழிற்சங்க அலுவலகத்தின் பக்கத்துத் தெருவில் நிற்கிறது. நகைக்கடன் கொடுக்கும் கடை வாசலில் இருமுறை நின்றிருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் வெறும் நிறுத்தங்கள்தான். வரிசையாகக் கோத்தால் ஒரு குடும்பத்தின் நோயும் கடனும் நம்பிக்கையும் தெரிந்துவிடும். அவற்றை அந்த ஓட்டுநர் யாரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை.

இதைவிட அடிக்கடி நடப்பது இன்னொன்று: பதிவைத் தவறாகப் படிப்பது. தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டி சமிக்ஞை சரியாகக் கிடைக்காமல் அங்கும் இங்கும் நகர்ந்ததாகப் பதிவாகும். வாய்க்காலின் இரு கரையிலும் சாலை ஓடும் ஊர்களில் இக்கரையில் நின்ற வண்டி அக்கரையில் நின்றதாகக் காட்டும். இவை கருவியின் பிழைகள், எப்படியாவது விளக்கிவிடலாம். கருவி சரியாகச் சொல்லியும் அர்த்தம் தவறிப்போவதுதான் ஓட்டுநரைச் சிக்கவைக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து மூட்டை ஏற்றிய லாரி, சேமிப்புக் கிடங்கு வாசலில் இறக்குவதற்காக வரிசையில் நிற்கிறது. இரவு முழுவதும் நிற்கிறது. திரையில் இது "ஓய்வு". ஓட்டுநரோ லாரியை விட்டு நகர முடியாமல், மழை வந்தால் தார்ப்பாயைச் சரிசெய்துகொண்டு, வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை நகர்த்திக்கொண்டு விழித்திருக்கிறார்.

அது ஓய்வா, வேலையா? 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரத்தையே வேலை நேரம் என்று வரையறுத்தது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பும் அதில் இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்தச் சட்டம் கரைந்துவிட்டது. நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பதும், அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி என்பதும் தொகுப்பிலும் இருக்கின்றன. கேட்டில் நின்ற 35 நிமிடத்தை வீண் நேரம் என்று எடுத்துக்காட்ட உதவும் அதே பதிவு, அன்று காலை ஐந்து மணிக்குச் சாவி போட்டு இரவு எட்டு மணிக்கு எடுத்தார் என்பதையும் காட்டும். முதல் எண்ணைக் கேட்கும் குரல் எல்லா அலுவலகத்திலும் உண்டு. இரண்டாவது எண்ணை ஓட்டுநர் கேட்டால், "அதெல்லாம் சிஸ்டத்தில் இருக்கிறது" என்று பதில் வரும்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? தன் வண்டியில் கருவி பொருத்துவதற்கு முதலாளிக்கு இந்தியாவில் தடை இல்லை. பணியிடக் கண்காணிப்புக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பெரிய தீர்ப்புதான். ஆனால் அடிப்படை உரிமை முதன்மையாக அரசை நோக்கியது. தனியார் கிடங்கு மேலாளரின் கணினிக்கு அது தானாக வந்து சேர்வதில்லை.

அதைக் கொண்டுசேர்க்க வந்தது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒருவரை அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் அதில் தனிநபர் தரவு. இந்த வண்டியை இந்த நாளில் இன்னார் ஓட்டினார் என்று தெரிந்தால், வண்டியின் தடமும் அதில் சேர்ந்துவிடும். பொதுவாக இந்தச் சட்டப்படி தரவைக் கையாள அந்த நபரின் ஒப்புதல் வேண்டும். சட்டத்தின் 7-ஆவது பிரிவு சில விலக்குகளைத் தருகிறது. வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும், முதலாளிக்கு இழப்போ பொறுப்போ வராமல் காப்பதற்காகவும் ஒப்புதல் இல்லாமலே கையாளலாம் என்பது அவற்றில் ஒன்று. டீசல் திருட்டைத் தடுக்கிறேன் என்று சொல்லிப் பொருத்தும் பெட்டி இதற்குள் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. என்னைப் பற்றி என்ன தரவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பெறும் உரிமையை 11-ஆவது பிரிவு கொடுக்கிறது. ஆனால் ஒப்புதலின்பேரில் தரப்பட்ட தரவுக்குத்தான் கொடுக்கிறது. வேலை என்ற வாசல் வழியாக எடுத்த தரவுக்கு அந்த உரிமை எட்டாது. அதாவது, யாரிடம் கேட்காமலே எடுக்கலாமோ அவருக்குக் காட்டவும் வேண்டாம் என்றாகிறது. எடுத்த தரவைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், கசிந்தால் சொல்ல வேண்டும், தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்ற கடமைகள் முதலாளிக்கு உண்டு. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

வெளிநாட்டு நீதிமன்றங்கள் இந்தச் சிக்கலை நமக்கு முன்பே பார்த்துவிட்டன. போர்ச்சுகலில் ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதிக்கு நிறுவனம் கார் கொடுத்தது. சொந்த வேலைக்கும் ஓட்டலாம். அந்தத் தூரத்துக்கான பணத்தை அவர் கட்டிவிட வேண்டும். ஜி.பி.எஸ். பொருத்தியதை அவரிடம் சொல்லியே செய்தார்கள். சொந்தப் பயணத் தூரத்தைக் குறைத்துக் காட்ட வேலைப் பயணத் தூரத்தைக் கூட்டினார் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2022 டிசம்பரில் தீர்ப்பு: அந்தரங்க மீறல் இல்லை. நான்கு நீதிபதிகள் அப்படிச் சொன்னார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். இழுபறிதான். நிறுவனத்தின் பக்கம் தராசு சாய்ந்ததற்கு முக்கியக் காரணம், போர்ச்சுகல் நீதிமன்றம் அந்தப் பதிவுகளில் ஓடிய தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கி வைத்திருந்ததுதான். எங்கே போனார் என்பதைத் துருவவில்லை.

நியூயார்க்கில் நடந்தது நேரெதிர். ஓர் அரசு ஊழியர் வேலை நேரத்தைப் பொய்யாக எழுதுகிறார் என்ற சந்தேகத்தில், அவருடைய சொந்தக் காரிலேயே அவருக்குத் தெரியாமல் கருவியை ஒட்டிவிட்டார்கள். 2013-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், சந்தேகிக்கக் காரணம் இருந்தது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் மாலையிலும் வார விடுமுறையிலும், அவர் குடும்பத்தோடு சுற்றுலா போனபோதும் கருவி பின்தொடர்ந்தது என்பதால், அந்தக் கண்காணிப்பு வரம்பு மீறியது என்றது. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போய், வேலை நேரத்துக்கு வெளியே ஓட்டுநரே கருவியை நிறுத்திவைக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. இருப்பிடப் பதிவுகளைப் பொதுவாக இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. தொழிலாளர் பிரதிநிதி சங்க வேலையாகப் போகும்போது பின்தொடரவே கூடாது.

இந்த மூன்றும் நம் ஊரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒரு முதலாளியிடம் பேசப் போகும்போது கையில் இருக்க வேண்டிய கேள்விகள் இவற்றிலேயே இருக்கின்றன. சொல்லிவிட்டுப் பொருத்தினீர்களா? எதற்காக என்று சொன்னீர்களா? வேலை முடிந்த பிறகும் பார்க்கிறீர்களா? எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? திரையை யார் யார் திறக்கலாம்? கடைசிக் கேள்வியைச் சின்ன நிறுவனங்களில் யாரும் யோசிப்பதே இல்லை. ஒரே கடவுச்சொல்லை முதலாளி, அவர் மகன், கணக்குப்பிள்ளை, டீலரின் ஆள் என்று நான்கு பேர் வைத்திருப்பார்கள்.

இரவில் நிறுத்துவது என்றால் பெட்டியைப் பிடுங்குவது என்று அர்த்தமில்லை. வண்டி திருடுபோனால் தேட வேண்டுமே. பல மென்பொருள்களில் இத்தனை மணிக்கு மேல் இருப்பிடத்தைத் திரையில் காட்டாதே என்று அமைக்கலாம். தேவைப்பட்டால் மட்டும் திறந்து பார்க்கலாம். திறந்தது யார் என்பதும் பதிவாகும். செலவு பெரிதில்லை, யாராவது கேட்க வேண்டும்.

சிலர் இதற்கெல்லாம் பொறுமையில்லாமல் ஒயரைப் பிடுங்குகிறார்கள், ஆன்டெனா மேல் அலுமினியத் தாளைச் சுற்றுகிறார்கள். பெட்டிக்குள் தனி பேட்டரி இருக்கும். மின்சாரம் போன மறுநொடியே முதலாளியின் போனுக்குச் செய்தி போய்விடும். சமிக்ஞையைக் குலைக்கும் ஜாமர் வாங்கி வைப்பது இந்தியாவில் தனிக் குற்றம். மறைக்க எதுவும் இல்லாதவரும் மறைத்தவர் ஆகிவிடுவார்.

வண்டியில் இல்லாமல் ஓட்டுநரின் சொந்த போனில் செயலியைப் போடச் சொல்வது இதைவிடக் கனமான விஷயம். போன் சட்டைப் பையில் வீட்டுக்குள்ளும் வரும், சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் வரும். முடிந்தால் வேலைக்கென்று தனி போன் கேளுங்கள். இல்லையென்றால் வேலை முடிந்ததும் அந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதியை நிறுத்திக்கொள்ளலாம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

எழுத்தில் என்றதும் வக்கீல் பத்திரம் என்று பயப்பட வேண்டாம். ஒரு பக்கத் தாள் போதும். அதில் நான் விடாமல் கேட்கச் சொல்வது ஒரே ஒரு வரி: ஓட்டுநர் கேட்டால் அவருடைய நாளின் பதிவை அவருக்குக் காட்ட வேண்டும். சட்டம் கொடுக்காததை ஒப்பந்தம் கொடுப்பதற்குத் தடையில்லை. வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை பேட்டா வாங்கும்போது, ஐந்து நிமிடம் அந்தத் திரையைத் திருப்பிக் காட்டினால் போதும். அறுவடை இயந்திரம் ஓட்டுபவர்கள் மணிக்கணக்கை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், அதைத் திரையோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தடவை பார்க்கும்போது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புப் புள்ளி இருக்கும். நிறுத்தம், 35 நிமிடம். பல மென்பொருள்களில் நிறுத்தத்துக்கு நேராகக் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு; பெரும்பாலும் அது காலியாகவே கிடக்கும். அதில் "ரயில்வே கேட்" என்று எழுதச் சொல்லுங்கள். கட்டம் இல்லையென்றால் டிரிப் ஷீட்டின் ஓரத்தில் எழுதி, மேலாளரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.